1648ஆம் ஆண்டு மணியும் மணியில்லாத ஊர்களும்

யாழ்ப்பாணக் கோட்டைக்குள் ஒல்லாந்தர் 1706ஆம் ஆண்டில் கட்டிய தேவாலயத்திலே ஒரு பழைய மணி இருந்தது. தேவாலயம் ஒல்லாந்தருடையது, மணியோ அவர்களுடையதன்று. அதன் மேல் போர்த்துக்கேய மொழியில் சில சொற்களும் ஓர் ஆண்டும் வார்க்கப்பட்டிருந்தன. "யாழ்ப்பாணப்பட்டினத்துப் புதுமைகளின் அன்னை, 1648" என்பது அவ்வெழுத்தின் பொருள். ஆங்கிலேயர் காலத்தில் இலங்கையின் கல்லறை எழுத்துக்களையும் நினைவுச் சின்னங்களையும் தொகுத்தவர்கள் இதனையும் பார்த்துப் படியெடுத்து அச்சேற்றினர். அவர்கள் அவ்வாறு செய்திராவிடில், கத்தோலிக்க மணியொன்று கத்தோலிக்கத்தைத் தடைசெய்தவர்களின் தேவாலயத்திலே பல தலைமுறைக் காலம் ஒலித்தது என்ற செய்தி நமக்கு எட்டியிராது.

கோயில் மணி என்பது வெறும் ஓசைக்கருவி அன்று. ஏறத்தாழ நான்கு பங்கு செம்பும் ஒரு பங்கு வெள்ளீயமும் கலந்து வார்க்கப்படும் அந்த வெண்கலம், ஓர் ஊரின் பெயரையும் பாதுகாவலரின் பெயரையும் ஆண்டையும், சில வேளைகளில் பொருள் கொடுத்தவரின் பெயரையும் தன் உடலிலே தாங்கி நிற்கிறது. கத்தோலிக்க மரபில் மணியைத் தூக்குமுன் அதனை மந்திரித்துப் பெயர் சூட்டுவதும் உண்டு. கூரை எரிந்து, ஏடுகள் கறையான் அரித்து, சுவரும் வீழ்ந்த பின்னரும் வாசிக்கக் கூடியதாக எஞ்சுவது பெரும்பாலும் மணியே. எனினும் மணி பறிபோன பின்னரும் கூடுவதை நிறுத்தாத மக்கள் நம் மண்ணிலே இருந்திருக்கின்றனர். இவ்விரு செய்திகளையும் சேர்த்து நோக்கினால்தான் வட இலங்கைக் கத்தோலிக்கக் கிராமங்களின் வரலாறு தெளிவாகும்.

மணி வந்த காலம்

வட இலங்கையில் கத்தோலிக்கம் முதலில் வேரூன்றியது மன்னார்க் கரையிலே. தென்னிந்திய முத்துக்குளித்துறையில் புனித பிரான்சிஸ் சவேரியார் பணியாற்றிய காலத்தில் மன்னார் மக்கள் அவரை அழைத்தனர். அவர் தமக்குப் பதிலாக ஒரு குருவை அனுப்பினார். 1544ஆம் ஆண்டில் யாழ்ப்பாண மன்னன் சங்கிலியின் படை அங்கு புதிதாகத் திருமுழுக்குப் பெற்றவர்களைக் கொன்றது. இறந்தோர் அறுநூறு பேருக்கு மேல் என்பது மரபு. தோட்டவெளியிலுள்ள வேதசாட்சிகளின் ஆலயம் இன்றும் அவர்களின் நினைவைத் தாங்கி நிற்கிறது. அம்மக்கள் வேதம் புகுந்தது தாமே விரும்பி. அவர்களுக்குப் பின்னால் அப்போது கோட்டையும் இல்லை, படையும் இல்லை.

யாழ்ப்பாணத்தின் கதை வேறு. 1619இல் பிலிப் தெ ஒலிவேறா தலைமையில் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். இறுதி மன்னன் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. அதன் பின்னர் ஊர்தோறும் கோயில்கள் எழுந்தன, பங்குகள் வகுக்கப்பட்டன. கோட்டைக்குப் புதுமைகளின் அன்னையின் பெயரே சூட்டப்பட்டது. 1648ஆம் ஆண்டு மணியும் அப்பெயரையே தாங்கிற்று. ஆகவே அம்மணி ஒரு வெற்றியாளரின் மணியாகவே இம்மண்ணில் முதலில் ஒலித்தது என்பதை மறைப்பதற்கில்லை. அருகே ஒரு கோயில் இடிந்த மண்ணிலேதான் அது தூக்கப்பட்டது. தம் மரபின் வரலாற்றை நேர்மையோடு அறிய விரும்பும் கத்தோலிக்கத் தமிழர் இதனையும் சேர்த்தே அறிதல் வேண்டும்.

எனினும் ஆள்வோரின் ஆட்சி நெடுநாள் நிலைக்கவில்லை. மணி வார்க்கப்பட்டுப் பத்து ஆண்டுகளே சென்றிருந்தன. 1658ஆம் ஆண்டு தொடக்கத்தில் மன்னாரும், அதே ஆண்டு ஜூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டையும் ஒல்லாந்தர் வசமாயின. குருமார் நாடுகடத்தப்பட்டனர். கத்தோலிக்கக் குருவுக்குப் புகலிடம் கொடுப்போருக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. ஊர்க் கோயில்கள் சீர்திருத்தத் திருச்சபையின் பள்ளிகளாகவும் வழிபாட்டிடங்களாகவும் மாற்றப்பட்டன. அக்காலத்தில் யாழ்ப்பாணத்தில் போதகராக இருந்த பிலிப்பஸ் பால்தேயஸ் 1672இல் வெளியிட்ட நூலிலே அக்கோயில்களின் படங்களைக் காணலாம்.

மணிகளை உருக்கவேண்டிய தேவை வெற்றியாளருக்கு ஏற்படவில்லை. நல்ல வெண்கலம் எவருக்கும் பயன்படும். கொழும்பிலும் இவ்வாறே நடந்தது. கோட்டை நகரின் இடிபாடுகளிற் கிடந்த போர்த்துக்கேயர் காலக் கோயில் மணியொன்றை ஒல்லாந்தர் எடுத்துப் புறக்கோட்டையில் கைமன் வாயிலில் தூக்கினர். அந்த மணிக்கூண்டை இன்றும் சந்தை நெரிசலின் நடுவே காணலாம். யாழ்ப்பாணத்து மணியும் அவ்வாறே கைமாறியது. புதுமைகளின் அன்னை என்ற எழுத்து அழியாதிருக்க, அந்த அன்னையை வணங்குவதைத் தண்டனைக்குரிய குற்றமாகக் கருதியவர்களின் ஆராதனைக்கு அது அழைப்பு விடுத்தது.

மணியில்லாத நூற்றாண்டு

கோட்டைக்குள் மணி ஒலித்துக்கொண்டிருக்க, கோட்டைக்கு வெளியே ஊர்களிலே கத்தோலிக்கர் என்ன செய்தனர்? பலர் வெளிக்குப் புதிய திருச்சபையின் பதிவேட்டில் பெயர் எழுதுவித்து, வீட்டுக்குள்ளே பழைய செபத்தைச் சொன்னார்கள். சிலர் ஊரை விட்டே புறப்பட்டனர்.

1670ஆம் ஆண்டளவில் மாந்தையில் வாழ்ந்த இருபது கத்தோலிக்கக் குடும்பங்கள் தம் கோயிலில் இருந்த அன்னையின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் சென்றன என்பது மரபு வழி வரும் செய்தி. அவர்கள் தங்கிய இடமே மருதமடு. யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வன்னிக் காட்டுக்குள் புகுந்த வேறு கத்தோலிக்கரும் அங்கு அவர்களோடு சேர்ந்துகொண்டனர். இன்று இலங்கை முழுவதும் அறிந்த மடுத் திருப்பதியின் தோற்றம் இதுவே. ஏதிலிகளாய்ப் புறப்பட்ட குடும்பங்கள் கையிலே எடுத்துச் செல்லக் கூடியதை எடுத்துச் சென்றன. சுரூபத்தை ஒருவர் மார்போடு அணைத்துச் செல்லலாம்; மணியை அவ்வாறு தூக்க முடியாது. தூக்கினாலும் அடிக்க முடியாது. காட்டிலே அதன் ஓசையே காட்டிக்கொடுத்துவிடும்.

1687இல் கோவாவிலிருந்து யோசேப் வாஸ் அடிகள் யாழ்ப்பாணம் வந்தார். குருவாக வெளிப்பட வழியில்லாமையால் ஏழைத் தொழிலாளி போல வேடம் பூண்டு வந்தார். கத்தோலிக்கர் யார் என்று கேட்டறியவும் இயலாத நிலை. கழுத்திலே செபமாலையை அணிந்து வீடு வீடாய் இரந்து சென்றார் என்றும், அதைக் கண்டு முகம் மாறியவர்களைக் கொண்டு தம்மவரை இனங்கண்டார் என்றும் அவர் வரலாற்றை எழுதியவர்கள் கூறுவர். பின்னர் சில்லாலைக் கிராமம் அவருக்குப் புகலிடம் ஆயிற்று. அங்கிருந்து இரவிலே ஊர் ஊராகச் சென்று பூசை நிறைவேற்றினார். கிறிஸ்து பிறப்பு இரவொன்றில் கூடியிருந்த மக்களை ஒல்லாந்த அதிகாரிகள் சுற்றி வளைத்துப் பிடித்துக் கடுமையாகத் தண்டித்ததும் உண்டு. அடிகள் பின்னர் கண்டி இராச்சியத்துக்குச் சென்று, 1711 ஜனவரி 16ஆம் நாள் கண்டியிலேயே காலமானார். 1995 ஜனவரி 21இல் கொழும்பில் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 ஜனவரி 14இல் அதே நகரில் புனிதராகவும் அவர் அறிவிக்கப்பட்டார்.

ஒரு குரு நாடெங்கும் எத்தனை ஊர்களுக்குச் செல்ல முடியும்? அவர் மறுபடி வருவதற்குள் மாதங்கள் கடந்துவிடும். ஆகவே ஒவ்வோர் ஊரிலும் மூப்பர் ஒருவரும் அண்ணாவியார் ஒருவரும் ஏற்படுத்தப்பட்டனர். மூப்பர் ஊர்ப் பொறுப்பைப் பார்த்தார். அண்ணாவியார் சிறுவருக்குச் செபம் சொல்லிக் கொடுத்தார். ஞாயிறுதோறும் மக்களைக் கூட்டி வாசகம் படித்தார். ஆபத்து வேளையில் குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுத்தார். இறப்போர் அருகில் நின்று செபித்தார். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் இவர்களுக்கு வேண்டிய நூல்களைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதினார். தவக்காலத்தில் வட இலங்கைக் கிராமங்களில் இராகத்தோடு வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கம் அவருடையதே. அவர் 1742இல் மறைந்தார், பிரசங்கம் ஓயவில்லை.

மணி செய்த வேலையை இவ்வாறு மனிதக் குரல் ஏற்றுக்கொண்டது. மூப்பரின் ஆள் வீட்டுப் படலையைத் தட்டினான், அண்ணாவியார் பாட்டெடுத்தார், ஊர் கூடியது. பின்னாளில் மன்னாரிலும் யாழ்ப்பாணக் கரையோரங்களிலும் செழித்த வாசகப்பாவும் நாட்டுக்கூத்தும் பசாமும், அண்ணாவியாரைச் சுற்றி வளர்ந்த மரபிலே வந்தவை. கோயில் கட்டடமும் குருவும் நிரந்தரமாக இல்லாத காலத்தை இவர்கள் மூன்று நான்கு தலைமுறைகள் கடந்தார்கள். ஒல்லாந்தர் ஆட்சி முடிந்தபோது வட இலங்கையில் அவர்களின் சீர்திருத்தச் சபை விரைந்து தேய்ந்ததும், தடை செய்யப்பட்டிருந்த கத்தோலிக்கம் ஊர்தோறும் எழுந்து நின்றதும் இதனாலேயே.

ஊர் மணிகள்

1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1806இல் கத்தோலிக்கர் மீதிருந்த சட்டத் தடைகள் நீக்கப்பட்டன. 1847இல் அமலமரித் தியாகிகள் சபைக் குருமார் யாழ்ப்பாணம் வந்தனர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆயர் பொன்ஜீன் காலத்தில், கல்லாலான கோயில்கள் பல எழுந்தன. மடுவின் இன்றைய கோயிலுக்கு அவர் 1872இல் அடிக்கல் நாட்டினார். கரையோர ஊர்களில் மீன்பாட்டிலிருந்து கோயிலுக்கென ஒரு பங்கு ஒதுக்கும் வழக்கம் இருந்தது. அவ்வாறு சேர்ந்த பணத்திலே சுவர் எழுந்தது; பீடம் எழுந்தது; பின்னர் மணியும் வந்தது. இம்முறை மணியை ஆள்வோர் தூக்கவில்லை. கடலோடியும் தோட்டம் கொத்தியும் பனையேறியும் வாழ்ந்தவர்கள் தம் உழைப்பிலே தூக்கினார்கள்.

அம்மணி ஊரின் கடிகாரமாயிற்று. விடியலிலும் நண்பகலிலும் அந்தியிலும் திரிகாலச் செபத்துக்காக மும்மூன்றாய் ஒலித்தது. தோட்டத்தில் நின்றவர் மண்வெட்டியை நிறுத்திவிட்டுச் சிலுவை அடையாளம் வரைந்தார். இடைவெளி விட்டு ஒற்றை அடியாக ஒலித்தால் யாரோ இறந்துவிட்டார் என்று பொருள். இறந்தவர் ஆணா பெண்ணா என்பதை அடியின் கணக்கால் அறிந்த ஊர்களும் உண்டு. நேரமல்லா நேரத்தில் விடாது அடித்தால் தீயோ, கடலில் ஆபத்தோ ஏற்பட்டுவிட்டது என அறிந்து சைவரும் கத்தோலிக்கரும் என்ற வேறுபாடின்றி ஊரார் ஓடி வருவர். மணியின் மொழியைப் புரிந்துகொள்ளக் கிறிஸ்தவராக இருக்கவேண்டியதில்லை. அந்த ஊரவராக இருந்தாற் போதும்.

ஆண்டிலே சில நாட்கள் மட்டும் மணி மௌனமாக இருக்கும். பெரிய வியாழன் பூசையிலே வானவர் கீதத்தோடு ஒலித்து ஓய்ந்தால், உயிர்ப்பு விழாத் திருவிழிப்பில் அதே கீதம் எழும் வரை அது அசையாது. அந்த நாட்களில் மரப்பலகையைத் தட்டியே மக்களை அழைப்பர். மணிக்கு முந்திய கருவி மரப்பலகை என்பதை அதைத் தட்டித் திரிந்த சிறுவர்கள் அறிந்திருக்கமாட்டார்கள்.

வளைகுடாவில் மரப்பலகை

அந்தப் பழைய மரப்பலகையைத் தேடிப் போனால் நாம் வந்து சேரும் இடம், எம்மவரிற் பலர் பிழைப்புத் தேடிச் சென்ற அரபு வளைகுடாவே என்பது வியப்புக்குரியது.

அபுதாபிக்கு மேற்கே சேர் பனி யாஸ் என்றொரு தீவு உண்டு. 1992இல் அங்கு நடந்த தொல்லியல் ஆய்விலே பழைய துறவிமடம் ஒன்றின் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. சுதையிலே செய்த சிலுவைகள் அதனை அடையாளம் காட்டின. பாரசீகத்தை நடுவமாகக் கொண்டிருந்த கிழக்குத் திருச்சபையைச் சேர்ந்த துறவிகள் ஏறத்தாழ ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளில் அங்கு வாழ்ந்தனர். இஸ்லாம் பரவிய பின்னரும் அம்மடம் சில காலம் இயங்கி, இடிக்கப்படாமல் அமைதியாகவே கைவிடப்பட்டது. 2022இல் உம் அல் குவைன் பகுதியின் சினியா தீவிலே இன்னொரு மடம் கண்டறியப்பட்டது. குவைத்தின் பைலக்கா தீவிலும், ஈரானின் கார்க் தீவிலும், சவூதி அரேபியாவின் ஜுபைலிலும் இத்தகைய சின்னங்கள் உள்ளன.

அக்காலத்துக் கிழக்குத் திருச்சபையினர் செபவேளையை அறிவிக்க மரப்பலகையைத் தட்டினர். அரபியில் அதற்கு நாகூஸ் என்று பெயர். தொழுகைக்கு அழைக்கும் முறை எதுவாக இருக்கவேண்டும் என்று நபிகள் நாயகத்தின் காலத்தில் ஆராயப்பட்டபோது நாகூஸ் பற்றியும் பேசப்பட்டதாக இஸ்லாமிய மரபு நூல்கள் கூறுகின்றன. மனிதக் குரலே அங்கு தெரிந்தெடுக்கப்பட்டது. இன்று அரபு மொழியில் தேவாலய மணிக்கும் நாகூஸ் என்ற சொல்லே வழங்குகிறது.

இத்திருச்சபையினர் இலங்கையையும் அறிந்தவர்கள். ஆறாம் நூற்றாண்டில் எழுதிய கொஸ்மாஸ் என்னும் வணிகர், இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர் வாழ்ந்ததையும், அவர்களுக்குப் பாரசீகத்திலிருந்து குரு அனுப்பப்பட்டதையும் குறிப்பிடுகிறார். 1912இல் அனுராதபுரத்தில் கிடைத்த கற்சிலுவை அதற்குச் சான்றாகக் கொள்ளப்படுகிறது. வளைகுடாவிலிருந்து இலங்கைக்கு வந்த மரக்கலங்கள் முத்தும் வாசனைப் பொருளும் தேடி வந்தவை. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்குப் பின் அதே கடல்வழியின் எதிர்த்திசையில் எம்மவர் பயணமாயினர்.

எழுபதுகளின் பிற்பகுதி முதல் குவைத்துக்கும் சவூதிக்கும் அமீரகத்துக்கும் சென்ற இலங்கையரில் கத்தோலிக்கத் தமிழரும் இருந்தனர். அண்ணன் துபாயில் உழைத்த பணத்திலே தம்பி ஐரோப்பாவுக்குப் புறப்பட்ட குடும்பங்கள் எம்மிடையே எத்தனை! 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைக் கைப்பற்றியபோது அங்கிருந்த இலங்கையர் ஏறக்குறைய ஓர் இலட்சம் பேர். அவர்களும் கைப்பையோடு பாலைவனத்தைக் கடந்து இன்னொரு வகை ஏதிலிகள் ஆயினர்.

அந்த நாடுகளில் இவர்கள் கண்ட கோயில்கள் ஊர்க் கோயிலைப் போன்றவை அல்ல. பஹ்ரேனில் 1939இல் மனாமா நகரத் திரு இருதய ஆலயம் எழுந்தது. அபுதாபியில் 1965இலும் துபாயில் 1967இலும் ஆட்சியாளர் வழங்கிய நிலத்திலே கத்தோலிக்கக் கோயில்கள் திறக்கப்பட்டன. கட்டாரின் தோஹாவில் 2008 மார்ச்சில் திறக்கப்பட்ட செபமாலை அன்னை ஆலயம் ஆயிரக்கணக்கானோர் கூடக்கூடியது. ஆனால் அதன் வெளிப்புறத்தில் சிலுவையும் இல்லை, மணிக்கோபுரமும் இல்லை. அமீரகத்திலும் பொதுவாக மணிக்கோபுரம் எழுப்ப அனுமதி இல்லை. சவூதி அரேபியாவில் கோயிலே இல்லை. விடுமுறை வெள்ளிக்கிழமை என்பதால் ஞாயிற்றுக்குரிய பூசையைப் பெருங்கூட்டமாக வெள்ளியன்றே கண்டனர். அமீரகம் 2022 ஜனவரியில் வாரவிடுமுறையைச் சனி, ஞாயிறுக்கு மாற்றியது.

இத்தகைய கோயில்களிலே தமிழ்ப் பூசை நடக்கிறது. தூத்துக்குடிக் கரையோரத்தவரும் நாகர்கோவிலாரும் மன்னாராரும் யாழ்ப்பாணத்தவரும் ஒரே வாங்கிலே அமர்கின்றனர். தொழிலாளர் விடுதியிலிருந்து ஒருவர் மற்றவருக்குச் சொல்லி, வாகனத்திலே இடம் பிடித்து, நேரத்துக்கு வந்து சேருகின்றனர். அவர்களை அழைக்க மணி இல்லை. சில்லாலையிலும் மருதமடுவிலும் அவர்களின் முன்னோர் எப்படிக் கூடினார்களோ, ஏறத்தாழ அப்படியே, வாய்வழிச் செய்தியால் கூடுகின்றனர். ஒரு வேறுபாடு உண்டு: ஒல்லாந்தர் காலத்திலே கூடுவதே குற்றம், இங்கு ஆட்சியாளரின் அனுமதியோடு, மதிலுக்குள் கூடுகின்றனர். இதனை மறந்து இரண்டையும் ஒன்றென்று கூறுதல் பொருந்தாது.

போர் பறித்தவை

தாயகத்திலே மணிகள் மறுபடியும் ஓய்ந்த காலம் ஒன்று வந்தது. 1990ஆம் ஆண்டுப் போரில் யாழ்ப்பாணக் கோட்டையின் ஒல்லாந்தத் தேவாலயம் இடிபாடாயிற்று. அதே ஆண்டு வலிகாமம் வடக்கின் கரையோர ஊர்கள் வெறுமையாயின. மயிலிட்டித் துறைமுகப் பகுதி மக்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது 2017இலேயே. இருபத்தேழு ஆண்டுகள் என்பது ஒரு தலைமுறை. அதற்குள் ஊர்மணியின் ஓசையை அறிந்தவர்களிற் பலர் வேற்றூரிலும் வேற்று நாட்டிலும் கண்மூடினர். 1995 ஜூலை 9ஆம் நாள் நவாலி புனித பேதுருவானவர் ஆலயத்திலும் அதன் சூழலிலும் தஞ்சமடைந்திருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் குண்டுவீச்சிலே மாண்டனர். 1999 நவம்பரில் மடுக் கோயில் வளவிலே எறிகணை வீழ்ந்து ஏறத்தாழ நாற்பது பேர் உயிரிழந்தனர்; அவர்களும் ஏதிலிகளே. 2008 ஏப்ரலில் மடு அன்னையின் சுரூபம் போருக்குத் தப்பித் தேவன்பிட்டிக்குக் கொண்டுசெல்லப்பட்டது. 1670இல் மாந்தையிலிருந்து நடந்த அன்னை, முந்நூற்று முப்பத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் இடம்பெயர்ந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் சுரூபம் மடுவுக்குத் திரும்பியது.

பிற நாடுகள் தரும் பாடம்

ஐரோப்பாவிலே வாழும் நம்மவர் அறியவேண்டிய செய்தி ஒன்றுண்டு. இரண்டாம் உலகப் போரின்போது நாற்சி ஜெர்மனி ஐரோப்பாவெங்கும் ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட மணிகளை இறக்கிக் கொண்டுசென்றது. பெரும்பாலானவை போர்த்தளவாடங்களுக்காக உருக்கப்பட்டன. போர் முடிந்தபோது உருக்கப்படாத மணிகள் ஹம்பேர்க் துறைமுகத்திலே குவிந்து கிடந்தன. அவற்றுள் ஆயிரத்து முந்நூறுக்கு மேற்பட்டவை ஜெர்மனி இழந்த கிழக்குப் பகுதிகளைச் சேர்ந்தவை. அவ்வூர்களின் ஜெர்மானிய மக்களும் அகதிகளாய் மேற்கே வந்துவிட்டனர். ஆகவே அம்மணிகள் மேற்கு ஜெர்மனியின் கோயில்களுக்குக் கடனாக வழங்கப்பட்டன. அண்மைக் காலத்தில் அவற்றிற் சிலவற்றை அவை முதலில் தூங்கிய போலந்து, செக் நாட்டு ஊர்களுக்கே திருப்பிக் கொடுக்கும் முயற்சி நடந்துவருகிறது. எந்த மணி எந்த ஊருக்குரியது என்று எப்படித் தெரிந்தது? அவற்றின் மேலிருந்த எழுத்தும், இறக்கும்போது எழுதிவைத்த பதிவுமே காட்டின.

தமிழ் எழுத்துப் பொறித்த மணியொன்றும் இதே உண்மைக்குச் சான்று. 1830களில் நியூசிலாந்து சென்ற மதபோதகர் வில்லியம் கொலென்சோ, மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலக் கலத்திலே கிழங்கு அவிப்பதைக் கண்டார். அது உடைந்த மணியின் மேற்பகுதி. முகையதீன் வக்குசு என்பவருடைய கப்பலின் மணி என்று அதிலே தமிழில் எழுதியிருந்தது. கப்பலும் இல்லை, உடையவரும் இல்லை; எழுத்து மட்டும் வெலிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஒரு முஸ்லிம் தமிழரின் பெயரை உலகின் அந்தத் தொலைக் கோடியிலே நிலைநிறுத்தியது அந்த ஒரு வரியே.

நாம் செய்யவேண்டியது

நம் ஊர் மணிகளிலே என்ன எழுதியிருக்கிறது என்று நம்மில் எத்தனை பேர் அறிவோம்? விடுமுறைக்கு ஊர் செல்வோர் திருவிழாவைப் படம் பிடிக்கின்றனர். மணிக்கூண்டிலே ஏறிப் பார்ப்பவர் குறைவு. மெல்லிய தாளை எழுத்தின் மேல் வைத்துப் பென்சிலால் மென்மையாகத் தேய்த்தால் எழுத்துப் படியும். ஆண்டு, வார்ப்பகத்தின் பெயர், கொடுத்தவர் பெயர், பாதுகாவலர் பெயர் ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளலாம். வெடித்த மணியை உருக்கி மறுவார்ப்புச் செய்ய ஊரார் தீர்மானிப்பதுண்டு. அதனால் பழைய எழுத்து அழிந்துவிடும். அதற்கு முன் படியெடுத்து வைப்பது அரைநாள் வேலையே. வெளிநாட்டிலிருந்து புதுமணிக்குப் பணம் அனுப்பும் ஊர்ச் சங்கங்கள், பழைய மணியின் பதிவையும் ஒரு நிபந்தனையாகக் கேட்கலாம்.

எழுத்தைவிட விரைவாக அழிவது ஓசையின் மொழி. இறப்புக்கு எத்தனை அடி, ஆணுக்கு எப்படி, பெண்ணுக்கு எப்படி, குழந்தைக்கு எப்படி, திருவிழாக் கொடியேற்றத்துக்கு எப்படி என்பவற்றை எவரும் ஏட்டில் எழுதவில்லை. மணியடித்தவரின் கை அறிந்திருந்தது. அவர்களிலும் அவர்களைக் கேட்டு வளர்ந்தவர்களிலும் எஞ்சியோர் இன்று முதியவர்கள். பாரிசிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் பேரப்பிள்ளைகளோடு வாழ்கின்றனர். வியாகுலப் பிரசங்கத்தின் இராகமும், பசாம் பாடல்களின் மெட்டும் அவர்களிடமே உள்ளன. பேரப்பிள்ளை கைத்தொலைபேசியைப் பக்கத்தில் வைத்து, "அப்பு, உங்கட ஊரில மணி எப்பிடி அடிப்பினம்?" என்று ஒருமுறை கேட்டு அதனைப் பதிவு செய்தால், ஒரு வரலாற்று ஆவணம் உருவாகிவிடும்.

1648ஆம் ஆண்டு மணியின் எழுத்தை யாரோ ஒருவர் நேரம் செலவிட்டுப் படியெடுத்தார். அவர் நம்மவர் அல்லர். நம் மொழி பேசியவரும் அல்லர். அந்த மணியின் கதையை இன்று நாம் சொல்லக்கூடியதாக இருப்பது அவர் செய்த வேலையால். சில்லாலையிலும் மருதமடுவிலும் மணியில்லாமல் கூடியவர்களின் பெயர்களையோ அப்படி யாரும் எழுதிவைக்கவில்லை. மூப்பர்களும் அண்ணாவிமாரும் பெயரின்றியே மறைந்தனர். இத்தலைமுறையிலும் அவ்வாறே நேரவேண்டியதில்லை. எழுதத் தெரிந்தவர்கள் இன்று ஒவ்வொரு வீட்டிலும் இருக்கின்றனர்.